பிஸ்கட்டா, முள்ளங்கியா? 67 பேரிடம் தெரிந்த ‘பெரிய’ விளைவு, 3,531 பேரிடம் காணாமல் போனது எப்படி?

அமெரிக்க அதிபராக இருந்தபோது பராக் ஒபாமா பெரும்பாலும் சாம்பல் அல்லது நீல நிற சூட் மட்டுமே அணிவார். 2012-ல் வெளியான ஒரு பேட்டியில் அதற்கான காரணத்தையும் அவரே சொன்னார். எதைச் சாப்பிடுவது, எதை உடுத்துவது என்ற சின்னச் சின்ன முடிவுகளில் சக்தியைச் செலவழிக்க அவருக்கு விருப்பமில்லை. பெரிய முடிவுகளுக்காக அதைச் சேமித்து வைக்கிறாராம்.

இந்தப் பேச்சுக்குப் பின்னால் உளவியலில் ரொம்ப பிரபலமான ஒரு கருத்து இருந்தது. மன உறுதி என்பது செல்போன் பேட்டரி மாதிரி. ஒரு வேலையில் செலவழித்தால் அடுத்த வேலைக்குக் குறைந்துவிடும். டயட்டில் இருப்பவர்களுக்கு, பரீட்சைக்குப் படிப்பவர்களுக்கு, மேனேஜர்களுக்கு என்று எல்லோருக்கும் இதை வைத்து அட்வைஸ் சொல்லப்பட்டது.

ஆனால் ஆயிரக்கணக்கான பேரை வைத்து மறுபடி சோதித்துப் பார்த்தபோது அந்த விளைவு கிட்டத்தட்ட காணாமல் போய்விட்டது. யாரும் மோசடி செய்யவில்லை. அப்போ எங்கே தவறு நடந்தது? பதில் இரண்டு வார்த்தைகளில் இருக்கிறது: எஃபெக்ட் சைஸ், பவர். இரண்டையும் விரிவாகப் பார்க்கலாம்.

அந்தப் பரிசோதனையில் என்ன நடந்தது?

1998-ல் வெளியான ஆய்வு அது. அமெரிக்காவின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ராய் பாமைஸ்டரும் அவரது குழுவினரும் செய்தார்கள். ஒருவேளை சாப்பாட்டைத் தவிர்த்துவிட்டு வரும்படி மாணவர்களிடம் சொல்லப்பட்டது. அறைக்குள் நுழைந்தால், அப்போதுதான் சுட்ட சாக்லேட் பிஸ்கட் வாசனை. மேஜையில் ஒரு பக்கம் பிஸ்கட், இன்னொரு பக்கம் முள்ளங்கி.

ஒரு குழுவினர் பிஸ்கட் சாப்பிடலாம். இன்னொரு குழுவினர் பிஸ்கட்டைத் தொடக்கூடாது, முள்ளங்கியைத்தான் சாப்பிட வேண்டும். மூன்றாவது குழுவுக்குச் சாப்பாடே கிடையாது. அதன் பிறகு எல்லோருக்கும் ஒரு புதிர் தரப்பட்டது. உண்மையில் அதற்கு விடையே கிடையாது. எவ்வளவு நேரம் விடாமல் முயற்சி செய்கிறார்கள் என்று பார்ப்பதுதான் நோக்கம்.

பிஸ்கட் சாப்பிட்டவர்கள் சராசரியாக சுமார் 19 நிமிடம் முயன்றார்கள். எதுவும் சாப்பிடாதவர்கள் சுமார் 21 நிமிடம். ஆசையை அடக்கிக்கொண்டு முள்ளங்கி தின்றவர்களோ 8 நிமிடம் சொச்சத்திலேயே கைவிட்டுவிட்டார்கள். பிஸ்கட்டை எடுக்காமல் இருப்பதிலேயே மன உறுதி செலவாகிவிட்டது என்று விளக்கம் தரப்பட்டது. ‘ஈகோ டிப்ளீஷன்’ என்ற பெயரும் நிலைத்தது.

இதில் கலந்துகொண்டவர்கள் மொத்தம் 67 பேர். மூன்று குழுக்களாகப் பிரித்தால் குழுவுக்குச் சுமார் 22 பேர்தான்.

அடுத்த பத்து, பன்னிரண்டு ஆண்டுகளில் இதே கருத்தை வைத்து ஏராளமான ஆய்வுகள் வந்தன. 2010-ல் 83 ஆய்வுகளில் இருந்த 198 சோதனைகளை ஒன்றாகத் தொகுத்துக் கணக்கிட்டார்கள். கிடைத்த எஃபெக்ட் சைஸ் 0.62. ‘இது உறுதியான விஷயம்’ என்று பலரும் நம்பியதற்கு இந்த எண் ஒரு முக்கியக் காரணம்.

எஃபெக்ட் சைஸ் என்றால் என்ன?

ஒரு மருந்தோ பயிற்சியோ வேலை செய்கிறதா என்று கேட்பது ஒரு கேள்வி. எவ்வளவு வேலை செய்கிறது என்று கேட்பது வேறு கேள்வி. இரண்டாவது கேள்விக்கான பதில்தான் எஃபெக்ட் சைஸ், அதாவது விளைவின் அளவு.

கணக்கு சிம்பிள்தான். இரண்டு குழுக்களின் சராசரிகளுக்கு நடுவே உள்ள வித்தியாசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குழுவுக்குள்ளேயே ஆளுக்கு ஆள் எவ்வளவு மாறுபடுகிறார்கள் என்ற அளவால் அதை வகுங்கள். வரும் எண்ணுக்கு ‘கோஹன் டி’ என்று பெயர். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய புள்ளியியலாளர் ஜேக்கப் கோஹனின் பெயரால் அழைக்கப்படுகிறது. 0.2 என்றால் சிறியது, 0.5 நடுத்தரம், 0.8 பெரியது என்று அவர் ஒரு தோராய அளவுகோலும் கொடுத்தார். வேறு நல்ல தகவல் இல்லாதபோது மட்டும் இதைப் பயன்படுத்துங்கள் என்று எச்சரித்ததும் அவர்தான்.

இந்த எண்களை எப்படிப் புரிந்துகொள்வது? இரண்டு குழுக்களிலிருந்தும் கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கு ஒருவரைத் தேர்ந்தெடுத்து ஜோடி சேர்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். விளைவே இல்லை என்றால், 100 ஜோடிகளில் 50-ல் ஒரு குழுவும் 50-ல் மற்ற குழுவும் முந்தும். எஃபெக்ட் சைஸ் 0.2 என்றால் 56-க்கு 44. 0.5 என்றால் 64-க்கு 36. 0.8 என்றால் 71-க்கு 29.

‘பெரிய’ விளைவிலேயே 29 ஜோடிகளில் முடிவு தலைகீழாக இருக்கும். மனிதர்கள் ஒருவருக்கொருவர் அவ்வளவு மாறுபடுகிறார்கள். 0.62 என்றால் 67-க்கு 33. அதாவது, மன உறுதியைச் செலவழித்தவர் மூன்று ஜோடிகளில் இரண்டில் பின்தங்குவார். கண்ணுக்கே தெரியக்கூடிய வித்தியாசம் இது.

சரி, பவர் என்றால்?

கரன்ட் போன வீட்டில் கீழே விழுந்த ஊசியைத் தேடுகிறீர்கள். டார்ச் வெளிச்சம் நன்றாக இருந்தால் ஊசி கிடைக்கும். மங்கலாக இருந்தால், ஊசி அங்கேயே கிடந்தாலும் கண்ணில் படாது. ஒரு பரிசோதனையின் பவர் என்பது அந்த டார்ச் வெளிச்சம் மாதிரி. விளைவு உண்மையிலேயே இருந்தால், அதைக் கண்டுபிடிக்க அந்தப் பரிசோதனைக்கு எத்தனை சதவீதம் வாய்ப்பு இருக்கிறது என்பதுதான் பவர்.

குறைந்தது 80% பவர் வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட வழக்கம். அதற்கு எத்தனை பேர் தேவை என்பதை விளைவின் அளவுதான் தீர்மானிக்கும். வழக்கமான கணக்குப்படி, 0.8 அளவு விளைவைப் பிடிக்க குழுவுக்கு 26 பேர் போதும். 0.5 என்றால் 64 பேர். 0.2 என்றால் கிட்டத்தட்ட 394 பேர். விளைவு பாதியாகக் குறைந்தால், ஆட்கள் நான்கு மடங்கு தேவை.

இந்த எண்ணிக்கை எவ்வளவு முக்கியம் என்பதைக் காட்ட ஜோசப் சிம்மன்ஸ், லீஃப் நெல்சன், யூரி சிமன்சன் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் 2013-ல் ஒரு வேலை செய்தார்கள். எல்லோருக்கும் தெரிந்த விஷயங்களை நிரூபிக்கவே எத்தனை பேர் தேவை என்று கணக்கிட்டார்கள். பெண்களைவிட ஆண்கள் உயரம் என்று காட்ட குழுவுக்கு 6 பேர் போதும். ஆண்களுக்கு எடை அதிகம் என்று காட்டவே குழுவுக்கு 46 பேர் வேண்டும்!

அப்படியென்றால், ஒருமுறை ஆசையை அடக்கியதால் மன உறுதி குறைகிறதா என்ற நுணுக்கமான விஷயத்தை 22 பேரை வைத்துக் கண்டுபிடித்துவிட முடியுமா என்ற கேள்வி இயல்பாகவே எழும்.

பவர் குறைவு என்பது புதிய குற்றச்சாட்டும் அல்ல. 1962-லேயே கோஹன் ஒரு முன்னணி உளவியல் இதழின் கட்டுரைகளை எடுத்து ஆராய்ந்தார். நடுத்தர அளவு விளைவைக் கண்டுபிடிக்க அவற்றுக்கு இருந்த வாய்ப்பு சராசரியாக 48%. காசு சுண்டிப் பார்ப்பதைவிடவும் குறைவு. 1989-ல் அதே இதழை வேறு இரண்டு ஆய்வாளர்கள் மறுபடி பார்த்தபோதும் நிலைமை முன்னேறியிருக்கவில்லை.

இங்கேதான் ட்விஸ்ட்

‘பவர் குறைவான பரிசோதனை விளைவைத் தவறவிடும், அவ்வளவுதானே? அப்படியும் கண்டுபிடித்துவிட்டால் அது இன்னும் நம்பகமானதுதானே?’ என்று தோன்றலாம். உண்மை இதற்கு நேர் எதிர்.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். உண்மையான விளைவு 0.2 என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் குழுவுக்கு 20 பேரை வைத்துப் பரிசோதனை செய்கிறார். முடிவு தற்செயலாக வந்ததல்ல என்று சொல்ல, ‘பி வேல்யூ’ 0.05-க்குக் கீழே வர வேண்டும் என்பது வழக்கம். 20 பேரை வைத்து அந்தக் கோட்டைத் தாண்ட வேண்டுமானால், அவருக்குக் கிடைக்கும் எஃபெக்ட் சைஸ் 0.64 அல்லது அதற்கு மேல் இருந்தாக வேண்டும். அதற்குக் கீழே எது வந்தாலும் ‘ஒன்றும் தெரியவில்லை’ கணக்கில்தான் சேரும்.

இதே பரிசோதனையை 100 முறை செய்தால், சுமார் 9 அல்லது 10 முறைதான் கோட்டைத் தாண்டும். அப்படித் தாண்டுகிற ஒவ்வொரு முறையும் விளைவு குறைந்தது மூன்று மடங்கு ஊதிப் பெருத்துத் தெரியும். உண்மையான 0.2 என்ற எண்ணை வெற்றியாக அறிவிக்க அந்தப் பரிசோதனைக்கு வழியே கிடையாது. சின்னப் பரிசோதனையில் வெற்றி கிடைத்தால், அந்த வெற்றியே மிகைப்படுத்தல்தான்.

பிரச்சனை இதோடு நிற்பதில்லை. அடுத்த ஆய்வாளர் பொறுப்பானவர். பரிசோதனையைத் தொடங்கும் முன்பே பவர் கணக்குப் போடுகிறார். அதற்கு எஃபெக்ட் சைஸ் வேண்டுமே? ஏற்கெனவே வெளியான ஆய்விலிருந்து அந்த 0.64-ஐ எடுத்துக்கொள்கிறார். குழுவுக்கு 40 பேர் இருந்தால் 80% பவர் கிடைக்கும் என்று கணக்கு காட்டுகிறது. திருப்தியாக வேலையைத் தொடங்குகிறார். ஆனால் உண்மையான விளைவு 0.2 என்பதால், அவருக்குக் கிடைக்கும் பவர் சுமார் 14% மட்டுமே. கணக்கில் பிழை இல்லை, கணக்குக்குள் போன எண்ணில்தான் பிழை.

அவருக்கு முடிவு கிடைக்கவில்லை என்றால்? ‘நான்தான் எங்கோ தவறு செய்துவிட்டேன்’ என்று நினைத்து அதை மேஜை டிராயரில் போட்டுவிடுவார். அதிர்ஷ்டத்தில் கிடைத்துவிட்டால் இதழில் வெளியாகும். கடைசியில் வெளியே தெரிவதெல்லாம் வெற்றிகள் மட்டும்தான். அவற்றைத் தொகுத்து சராசரி எடுத்தால், அந்தச் சராசரியும் ஊதித்தான் இருக்கும்.

0.62 எங்கே போனது?

மன உறுதி ஆய்வுகளில் இந்தச் சந்தேகம் 2014-ல் வலுத்தது. ஆய்வாளர்கள் இவான் கார்ட்டர், மைக்கேல் மெக்கல்லோ இருவரும் 2010 தொகுப்பை மறுபடி ஆராய்ந்தார்கள். வெளியாகாத முடிவுகள் நிறைய இருக்கலாம் என்பதற்கான அறிகுறிகள் தெரிந்தன. அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் விளைவு பூஜ்யமாகக்கூட இருக்கலாம் என்று எச்சரித்தார்கள்.

இனி விவாதத்தில் தீராது, பெரிய அளவில் சோதிப்பதே வழி என்று ஆனது.

2016-ல் 23 ஆய்வகங்கள் ஒரே முறையை முன்கூட்டியே பதிவு செய்துவிட்டு, 2,141 பேரிடம் சோதித்தன. எஃபெக்ட் சைஸ் 0.04.

2021-ல் 36 ஆய்வகங்கள், 3,531 பேர். இதை முன்னின்று நடத்திய கேத்லீன் வோஸ், பாமைஸ்டருடன் சேர்ந்து இதே துறையில் வேலை செய்தவர். எஃபெக்ட் சைஸ் 0.06.

ஜோடிக் கணக்கில் சொன்னால், 67-க்கு 33 என்று இருந்தது கிட்டத்தட்ட 51-க்கு 49 ஆகிவிட்டது. 

அப்போ மன உறுதி தீர்ந்துபோவதே இல்லையா?

அப்படி ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. 2016 சோதனையில் கொடுத்த பணி சரியானதல்ல, அது மன உறுதியை உண்மையில் சோர்வடையச் செய்யாது என்று பாமைஸ்டர் தரப்பு மறுத்தது. 2021-ல் வேறொரு பணியை வைத்து 12 ஆய்வகங்கள் 1,775 பேரிடம் செய்த சோதனையில் 0.10 என்ற சிறிய விளைவு கிடைத்தது. 

ஆக, ஏதோ ஒரு சிறிய விளைவு இருக்கலாம். ஆனால் அது 0.10 என்றால், அதை 80% பவரோடு பிடிக்க குழுவுக்குச் சுமார் 1,570 பேர் தேவை. குழுவுக்கு 20, 30 பேரை வைத்துச் செய்த பழைய சோதனைகளால் அதைக் கண்டுபிடித்திருக்கவே வாய்ப்பு குறைவு. எனவே அவை பார்த்தது இதைத்தான் என்றும் சொல்ல முடியாது.

நடைமுறையிலும் வித்தியாசம் பெரியது. மூன்று ஜோடிகளில் இரண்டில் பின்தங்க வைக்கும் என்றால் அதற்கேற்ப பரீட்சை டைம்டேபிளை மாற்றலாம், அலுவலக வேலையை மாற்றி அமைக்கலாம். 100 ஜோடிகளில் 53-க்கு 47 என்றால் அதற்காக வாழ்க்கையை மாற்ற வேண்டுமா என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

நிபுணர்களே ஏமாந்தது எப்படி?

‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பார்கள். சோற்றுக்கு அது சரி. ஒரே பானை, ஒரே தண்ணீர், ஒரே தீ. எல்லா பருக்கையும் ஏறக்குறைய ஒன்றுபோலவே வேகும். மனிதர்கள் அப்படி இல்லை. ஆனாலும் சிலரைப் பார்த்துவிட்டு எல்லோரையும் பற்றி முடிவெடுக்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு.

இந்தப் பழக்கத்தைப் பற்றி 1971-லேயே ஆமோஸ் ட்வர்ஸ்கியும் டேனியல் கானமனும் கட்டுரை எழுதினார்கள். புள்ளியியல் படித்த ஆய்வாளர்களும் சின்ன மாதிரிகளை அளவுக்கு மீறி நம்புகிறார்கள் என்று அதில் காட்டினார்கள். கானமனுக்கு 2002-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

2011-ல் அதே கானமன் ‘திங்கிங், ஃபாஸ்ட் அண்ட் ஸ்லோ’ என்ற புத்தகத்தை எழுதினார். உலகம் முழுக்க விற்றது. அதில் மன உறுதி ஆய்வுகளும் இருந்தன. ஒரு சொல்லைக் காட்டினாலே நடத்தை மாறும் என்று சொன்ன ‘பிரைமிங்’ ஆய்வுகளும் இருந்தன. அவற்றில் ஒன்று, முதுமை தொடர்பான சொற்களைப் படித்தவர்கள் மெதுவாக நடந்தார்கள் என்ற 1996-ம் ஆண்டு ஆய்வு. ஒரு சோதனைக்கு 30 பேர். 2012-ல் பெல்ஜியத்தில் 120 பேரை, இன்ஃப்ராரெட் சென்சார் வைத்து நேரம் அளந்து சோதித்தபோது அந்த விளைவு வரவில்லை.

பவர் குறைவான ஆய்வுகளை அளவுக்கு மீறி நம்பிவிட்டதாக 2017-ல் கானமன் பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். இந்தத் தவறைப் பற்றி 46 ஆண்டுகளுக்கு முன்பே எச்சரித்தவரே அதில் விழுந்தார் என்றால், மற்றவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இந்த ஒரு துறையில் மட்டும்தானா?

இல்லை. 2015-ல் நூற்றுக்கணக்கான ஆய்வாளர்கள் சேர்ந்து, முன்னணி இதழ்களில் வெளியான 100 உளவியல் ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்தார்கள். மூல ஆய்வுகளில் 97% ‘வெற்றி’ என்று அறிவித்திருந்தன. மறுபடி செய்தபோது 36% மட்டுமே அந்தக் கோட்டைத் தாண்டின. விளைவின் அளவு சராசரியாகப் பாதியாகக் குறைந்திருந்தது. மூளை அறிவியலிலும் இதே கதைதான். 2013-ல் வெளியான ஒரு கணக்கீட்டின்படி, அத்துறை ஆய்வுகளின் பவர் நடுமதிப்பாக 21% மட்டுமே.

இதற்கு விலை கொடுத்தவர்கள் பலர். வராத விளைவைத் தேடிப் பல ஆண்டுகளைத் தொலைத்த ஆராய்ச்சி மாணவர்கள் இருக்கிறார்கள். நேரம் ஒதுக்கிக் கலந்துகொண்டவர்கள் இருக்கிறார்கள். ஆய்வுக்கு நிதி கொடுத்ததில் மக்களின் வரிப்பணமும் உண்டு.

இப்போது என்ன மாறியிருக்கிறது?

பல ஆய்வாளர்கள் பரிசோதனைக்கு முன்பே தங்கள் திட்டத்தைப் பொதுவில் பதிவு செய்கிறார்கள். எத்தனை பேர், என்ன கணக்கு என்பதையெல்லாம் பிறகு மாற்ற முடியாது. சில இதழ்கள் முடிவு தெரிவதற்கு முன்பே, திட்டத்தை மட்டும் பார்த்துக் கட்டுரையை ஏற்கின்றன. அதனால் ‘ஒன்றும் கிடைக்கவில்லை’ என்ற முடிவும் டிராயருக்குப் போகாது.

எஃபெக்ட் சைஸை மதிப்பிடும் முறையும் மாறுகிறது. பழைய ஆய்வில் வந்த எண்ணை அப்படியே எடுக்காமல், அது ஊதியிருக்கும் என்று வைத்துக்கொண்டு குறைத்து எடுக்கிறார்கள். இன்னொரு வழி, ‘எவ்வளவு சிறிய விளைவு வரை நமக்கு முக்கியம்?’ என்று முதலிலேயே தீர்மானித்துவிட்டு, அதைப் பிடிக்கும் அளவுக்கு ஆட்களைச் சேர்ப்பது. ஒரு ஆய்வகத்தால் அவ்வளவு பேரைத் திரட்ட முடியாவிட்டால், பல நாட்டு ஆய்வகங்கள் கைகோக்கின்றன.

அடுத்த முறை ‘ஆய்வில் தகவல்’ என்று பார்த்தால்...

முதலில், எத்தனை பேரிடம் சோதித்தார்கள் என்று பாருங்கள். மொத்த எண்ணிக்கை மட்டும் போதாது, ஒரு குழுவுக்கு எத்தனை பேர் என்பதுதான் முக்கியம்.

இரண்டாவது, விளைவு எவ்வளவு பெரியது? ‘வித்தியாசம் உண்டு’ என்று மட்டும் சொல்லி அளவைச் சொல்லாத செய்தி பாதிச் செய்திதான்.

மூன்றாவது, சின்ன ஆய்வு, பிரம்மாண்ட முடிவு என்று இரண்டும் சேர்ந்து வந்தால் அதுவே எச்சரிக்கை மணி. 20 பேரிடம் கிடைத்த பெரிய விளைவு, பெரும்பாலும் பெரிய விளைவு அல்ல.

நான்காவது, வேறு யாராவது அதிகம் பேரை வைத்து மறுபடி செய்து பார்த்தார்களா?

ஒரே மாதிரி சட்டை போட்டால் காலையில் ஐந்து நிமிடம் மிச்சமாகலாம். பிடித்திருந்தால் தாராளமாகப் போடலாம். ஆனால் ‘என் மன உறுதி பேட்டரி காலியாகிவிட்டது, இனி படிக்க முடியாது’ என்று மாலையில் ஒரு மாணவர் புத்தகத்தை மூடினால், அதற்கு ஆதாரமாக அந்த 67 பேரைக் காட்ட முடியாது.